ஷிம்மெல்மன்: அப்பாவும் மகனும்

அன்புள்ள ஐயா,

அடிமை வணிகத்துக்கு ஐரோப்பாவில் முதலில் தடையாணை போட்டது டென்மார்க், அதன் பின்னால் இருந்தவர் எர்ன்ஸ்ட் ஷிம்மெல்மன் என்று எழுதியிருந்தீர்கள். தேடினால் அது ஜெர்மன் குடும்பம் என்று வருகிறது. அவரிடமே அடிமைகள் இருந்தார்களாம். எது உண்மை?

கி.

அன்புள்ள கி.,

இரண்டும் உண்மை. பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டது என் பிழை.

எர்ன்ஸ்டின் அப்பா ஹைன்ரிஷ் கார்ல் 1724-ல் இன்றைய வட ஜெர்மனியில், பொமரேனியாவின் டெம்மினில் ஒரு வணிகர் வீட்டில் பிறந்தவர். பரம்பரைப் பிரபு அல்ல. ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படைக்குத் தானியம் விற்றார். பிரஷ்ய அரசர் சாக்சனியில் கைப்பற்றிய மைசன் பீங்கான்களை மொத்தமாக வாங்கிக் கைமாற்றினார். போர் நடக்கும்போதே பெரும் பணக்காரர். கடனில் தத்தளித்த டேனிஷ் அரசருக்கு இப்படி ஒருவர்தான் வேண்டியிருந்தது. 1761-ல் அழைத்துக்கொண்டார், 1779-ல் கவுண்ட் பட்டம். அன்றைய கோபன்ஹேகன் அரசவையில் ஜெர்மன் அந்நிய மொழியே அல்ல. ஹோல்ஸ்டைனும் டேனிஷ் அரசரின் கையில்தான் இருந்தது. டேனிஷ் அமைச்சர்களைத் தந்த பெர்ன்ஸ்டார்ஃப் குடும்பமும் இப்படி ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். மண்ணில் பிறந்தவர்களுக்கே பதவி என்ற சட்டம் 1776-ல்தான் வந்தது.

1763-ல் அவர் அரசரிடமிருந்தே, கரீபியன் கடலில் டென்மார்க் ஆண்ட மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களையும் கோபன்ஹேகன் சர்க்கரை ஆலையையும் வாங்கினார். பிறகு துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றும் அவர் வசமானது. துப்பாக்கி ஆப்பிரிக்காவுக்குப் போகும், மனிதர்கள் தீவுக்குப் போவார்கள், சர்க்கரை கோபன்ஹேகனுக்கு வரும். சுற்றின் எல்லா முனையிலும் அவருக்குப் பங்கு. தோட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் அடிமைகள்.

1782-ல் அவர் இறந்ததும் தோட்டங்கள் எர்ன்ஸ்டுக்கு வந்தன. இரண்டாண்டில் அவர் நிதியமைச்சர். நோயில் கிடந்த கவிஞர் ஷில்லருக்கு ஆண்டுக்கு ஆயிரம் தாலர் உதவித்தொகை ஏற்பாடு செய்த இருவரில் ஒருவர். அதே மனிதர் எழுதிய அடிமை வணிகத் தடையாணைதான் 1792-ல் வந்தது. ஆனால் தடை 1803 முதல்தான். இடைப்பட்ட பத்தாண்டில் தோட்டக்காரர்கள் ஆள் வாங்கிக்கொள்ள அரசே கடன் கொடுத்தது. தீவிலேயே பிள்ளைகள் பிறக்கட்டும் என்று பெண்களைக் கொண்டுவர வரிச்சலுகை வேறு! கப்பல்கள் குறையவில்லை, கூடின.

அவரை வேஷக்காரர் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வணிகத்தைக் கொடுமை என்று உண்மையாகவே நினைத்தார். தன் தோட்டத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1848-ல், அதுவும் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு.

அப்பாவுக்கு 2006-ல் ஹாம்பர்கின் வான்ட்ஸ்பெக்கில் மார்பளவுச் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, இரண்டே ஆண்டில் எடுத்துவிட்டார்கள்.