திதி தெரியாதவர்கள்

அன்புள்ள ஐயா,

லிபியப் பாலைவனத்தில் கண்டெடுத்த 'லேடி பி குட்' என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் பற்றி யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். 'பேய் விமானம்' என்கிறார்கள். அதன் உதிரி பாகங்களைப் பொருத்திய விமானங்களும் விழுந்தனவாம். இந்தச் சாபம் உண்மையா? வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டரின் முட்டாள்தனத்தால்தான் ஒன்பது பேரும் செத்தார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சாபமெல்லாம் கிடையாது. அதை விடுங்கள்.

'முட்டாள்தனம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. இரண்டாம் உலகப் போர், 1943 ஏப்ரல் 4, அந்த ஒன்பது பேரும் சேர்ந்து போன முதல் தாக்குதல். இத்தாலியில் நேப்பிள்ஸ் வரை போய்விட்டு, லிபியாவில் பெங்காசிக்குத் தெற்கே சுலூக்கில் இருந்த தளத்துக்கு ராத்திரியில் திரும்புகிறார்கள். ரேடியோவில் திசை கேட்டார்கள். கிடைத்த திசைக்கோடு, கடல் பக்கமிருந்து வந்தாலும் தளத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டாலும் ஒன்றேதான். தாண்டிவிட்டது தெரியாமல் பெட்ரோல் தீரும்வரை பறந்தார்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போனில் மேப் பார்க்கிற நாம் அந்தப் பையனை முட்டாள் என்று சொல்லலாமா?

நடுராத்திரிக்கு மேல் குதித்தார்கள். அவர்களில் வோராவ்கா என்பவரின் பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒன்று சேர்ந்து வடமேற்கே நடந்தார்கள். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு குடுவையில் பாதித் தண்ணீர். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு மூடி. ஆளில்லாத விமானமோ தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போல் தானே பறந்து மணலில் சறுக்கி நின்றுவிட்டது. தண்ணீரும் சாப்பாடும் ரேடியோவும் அதற்குள்ளேயே இருந்தன. இவர்களுக்கு அது தெரியாது.

துணை விமானி டோனர் நாட்குறிப்பு எழுதினார். 9-ம் தேதி வெள்ளிக்கிழமை ஐந்து பேரால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி முன்னே போனார்கள். 12-ம் தேதி டோனர் கடைசியாக எழுதியது: இன்னும் உதவி வரவில்லை, ராத்திரி கடுங்குளிர்.

விமானம் 1958-ல் கண்ணில் பட்டது. 1960-ல் எட்டு உடல்கள் கிடைத்தன. வெர்னன் மூர் மட்டும் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மூரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பத்தாவின் தம்பி ரங்கூனில் அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். 1941 டிசம்பரில் அங்கே குண்டு விழுந்தபின், ஆயிரமாயிரம் பேரைப் போல அவரும் நடந்தே கிளம்பினார். கூட நடந்த ஒருவர் ஊர் வந்து சேர்ந்து, "காய்ச்சல்ல ஒரு மரத்தடியில உக்காந்துட்டாரு ஆத்தா. நீங்க போங்க, பின்னாலயே வந்துர்றேன்னாரு" என்றார். அவ்வளவுதான்.

செத்த நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசை இருக்கிறதே, அன்றைக்குத் திதி கொடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அப்பத்தா சம்மதிக்கவே இல்லை. "உசுரோட இருக்கிறவனுக்கு எள்ளுந்தண்ணியும் இறைச்சா அவன் ஆயுசு என்னடா ஆகும்?" ஆனால் அமாவாசையன்று படையலுக்குத் தள்ளி இன்னொரு இலை போடுவார். மொச்சைக் குழம்பு, ஒரு வடை. அதன்மேல் இன்னொரு இலையைக் கவிழ்த்து ராத்திரி வரை வைத்திருப்பார். ஒரு வருஷம் அந்த வடையை நான் எடுத்துத் தின்றுவிட்டேன். அப்பத்தா என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். அடித்துவிட்டு, இன்னொரு வடை சுட்டுக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்.

துனிசியாவில் கார்த்தேஜ் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில், காணாமல் போனவர்களுக்கான சுவரில் மூரின் பெயர் இருக்கிறது. எங்கள் ரங்கூன் தாத்தாவின் பெயருக்கு அப்படி ஒரு சுவர்கூட இல்லை.

ஒன்பது பேரைப் பற்றிக் கேட்டு எழுதியும் உங்கள் கடிதத்தில் ஒருவர் பெயர்கூட இல்லையே தம்பி! ஹேட்டன், டோனர், ஹேஸ், வோராவ்கா, ரிப்ஸ்லிங்கர், லாமோட், ஷெல்லி, ஆடம்ஸ், மூர். நீங்கள் முட்டாள் என்றது ஹேஸை. அடுத்த தடவை யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லும்போது, பேயை விட்டுவிட்டு இவர்களைச் சொல்லுங்கள்.

அன்புடன்.