வாட்ச் 180 காட்டுது, அப்புறம் ஏன் நடுராத்திரி வேர்க்குது?

குத்தாம சுகர் காட்டுற உங்க வாட்ச் 180 காட்டுது, ஆனாலும் நடுராத்திரி வேர்க்குதுன்னு எழுதியிருந்தீங்க. இன்னைக்கு ராத்திரி மறுபடி வேர்த்து முழிப்பு வந்துச்சுன்னா வாட்ச பாக்காதீங்க, விரல்ல குத்தி மெஷின்ல சுகர் பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சுக் குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப குத்திப் பாருங்க, ஏறலைன்னா மறுபடியும் அதே. மெஷின் கைக்கு எட்டலையா, தேடிக்கிட்டு நிக்காதீங்க, முதல்ல சர்க்கரைய குடிங்க. மயக்கமாயிட்டா வாயில எதையும் ஊத்தக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான், இத வீட்ல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

வியர்வைல சுகர் பாக்குற சென்சார் பத்தின ஆராய்ச்சிய படிச்சிட்டு, அந்த சென்சார்ல இருக்கிற என்சைம் (ரசாயன மாற்றத்த வேகப்படுத்துற புரதம்) தோல் வழியா ரத்தத்துல கலந்துடுமா, டிரான்சிஸ்டர் கரண்ட் இதயத்த பாதிக்குமான்னு ஒரு பக்கத்துக்கு கேட்டிருக்கீங்க. கலக்காது, பாதிக்காது, விடுங்க. ஆனா கடைசி ரெண்டு வரில போற போக்குல எழுதியிருக்கீங்களே, ஒரு வாரமா ரெண்டு மணிக்கு சட்டை நனைய வேர்க்குது, காலைல தலைவலி, வாட்ச் 180 காட்டுதேன்னு சுகர குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரைய நானே டபுளாக்கிட்டேன்னு, எனக்கு பயமே அதுலதான். அந்த வியர்வையும் தலைவலியும் லோ சுகரோட, அதாவது ரத்தத்துல சுகர் ரொம்ப இறங்கிப் போறதோட அடையாளம். பிபிக்கு அட்டினலால் வேற போடுறீங்க. அந்த வகை மாத்திரை லோ சுகர்ல வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிடும், வியர்வைய மட்டும் அமுக்காது. உங்க உடம்புகிட்ட மிச்சம் இருக்கிற ஒரே அலாரம் அந்த வியர்வைதான், நீங்க என்னடான்னா அதுல சுகர் எவ்வளவுன்னு தேடிக்கிட்டு இருக்கீங்க!

நீங்க படிச்ச ஆராய்ச்சி பொய் இல்ல. குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம் குளுக்கோஸோட சேர்ந்தா ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், அது டிரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட்ட மாத்தும், சின்ன மாற்றத்தையும் டிரான்சிஸ்டர் பெருசாக்கிக் காட்டும். அப்படிப் பெருசாக்கியே ஆகணும், ஏன்னா வியர்வைல இருக்கிற குளுக்கோஸ் ரத்தத்துல இருக்கிறதுல ஏறக்குறைய நூறுல ஒரு பங்குதான். தோல்ல ஒட்டியிருக்கிற அழுக்கு, வியர்வையோட வேகம், புளிப்புத்தன்மை, சூடு எல்லாமே அந்த நம்பர கெடுக்கும். அதனாலதான் அது இன்னும் லேப்ல இருக்கு. உங்க வாட்ச்ல அதுகூட கிடையாது, அடியில பச்சையா மின்னுதுன்னு எழுதியிருக்கீங்களே, அது நாடித்துடிப்பு பாக்குற லைட்டு. குத்தாம சுகர் காட்டுறேன்னு சொல்ற வாட்ச், மோதிரம் எதுக்குமே நாங்க அனுமதி தரல, வாங்காதீங்கன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரிலயே எச்சரிச்சுது. அந்த நம்பர நம்பி மாத்திரைய கூட்டினது, கண்ண மூடிக்கிட்டு வண்டி ஓட்டின மாதிரி.

குத்திக் குத்தி விரல் மரத்துப் போச்சுங்கிறது நியாயமான குறைதான். நுனில குத்தாம விரலோட பக்கவாட்டுல குத்துங்க, விரல மாத்தி மாத்தி. அதுவும் முடியலைன்னா உடம்புல ஒட்டிக்கிட்டு சுகர விடாம பாத்துக்கிட்டே இருக்கிற சிஜிஎம் பேட்ச் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அதுல தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு இழை போகும், பல கம்பெனி பேட்ச்ல வேலை பாக்குறதும் இதே என்சைம்தான். ஆனா ரத்தத்துல சுகர் சட்டுனு இறங்கினா அதுக்கு தெரிய சில நிமிஷம் பிந்தும், அதனால வேர்த்தா அப்பவும் விரல்தான்.

இன்னைலேர்ந்து டாக்டர் எழுதின பழைய டோஸ் மட்டும், நாளைக்கே அவரப் போய் பாருங்க. வாட்ச் காட்டின கிராஃப எடுத்துட்டுப் போகாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு குத்தின நம்பர ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க.