கேளுங்கள், சொல்கிறேன்: லத்தீனின் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள்?

கேள்வி: ஸ்பானியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் என்று லத்தீனிலிருந்து கிளைத்த ரோமான்ஸ் மொழிகளை உலக வரைபடத்தில் காட்ட எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆட்சிமொழிப் பட்டியலைப் பார்த்து நாடு நாடாக வண்ணம் தீட்டினால் போதுமா?
– ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: போதாது, டீச்சர். நானும் புவியியல் வாத்தியாராக இருந்தவன்தான். அப்படித் தீட்டிய படத்தில் ஆப்பிரிக்காவில் பாதி பிரெஞ்சு பேசுவதுபோலத் தெரியும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவில் பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் பிரெஞ்சில் நடக்கும். தெருவில் காதில் விழுவது லிங்காலா என்ற ஆப்பிரிக்க மொழி. வீட்டில் பேசும் மொழிக்கு முழு வண்ணம், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமான மொழிக்குச் சாய்கோடு, சிறு சமூகங்களுக்குப் புள்ளி என்று மூன்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே படம் மாறிவிடும். அங்கோலா, மொசாம்பிக் இரண்டும் போர்ச்சுகலிடமிருந்து 1975இல் விடுதலை பெற்றவை. பட்டியலில் இரண்டுக்கும் ஆட்சிமொழி போர்த்துகீசியம். ஆனால் அங்கோலாவின் 2014 கணக்கெடுப்பில் பத்தில் ஏழு பேர் அதை வீட்டிலேயே பேசுவதாகச் சொன்னார்கள். மொசாம்பிக்கில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த இரண்டு நாட்டுக்கும் ஒரே வண்ணம் கொடுக்க எனக்கு மனம் வராது. தென் அமெரிக்காவிலும் பராகுவேயை முழு ஸ்பானியமாக்கிவிடாதீர்கள். அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் குவாரனி என்ற பழங்குடி மொழி பேசுகிறார்கள். 1992 அரசியலமைப்பு அதை ஸ்பானியத்தோடு சமமாக ஆட்சிமொழியாக்கியது.

ஹைட்டிக்கு வரும்போது பிள்ளைகள் குழம்புவார்கள். அங்கே எல்லோரும் பேசுவது ஹைட்டி கிரியோல். கிரியோல் என்றால் வெவ்வேறு மொழிக்காரர்கள் கலந்து பழகியதில் பிறந்து, தாய்மொழியாகிவிட்ட புது மொழி. சொற்களில் பெரும்பாலானவை பிரெஞ்சிலிருந்து வந்தவை, இலக்கணம் தனி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய மொழியைப் பிரெஞ்சின் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். கிரியோல்களுக்கென்று தனி வண்ணம் கொடுங்கள்.

புள்ளிகளில்தான் சுவாரசியமே. சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மலைகளில் ரோமான்ஷ் என்ற சிறு மொழி, இத்தாலியின் சர்தீனியாத் தீவில் அல்கேரோ ஊரில் கட்டலான், பிலிப்பைன்ஸின் ஜாம்போவாங்காவில் ஸ்பானியக் கிரியோலான சவக்கானோ. படத்தின் மூலையில் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். மாலி நாடு 2023இல் புதிய அரசியலமைப்பு கொண்டுவந்து, பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கிவிட்டது. பழைய அட்லஸ் இதைச் சொல்லாது.

கேள்வி: சுற்றிலும் ஸ்பானியம் இருக்க, பிரேசில் மட்டும் ஏன் போர்த்துகீசியம்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: 1494இல் தோர்தேசியாஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அட்லாண்டிக்கில் ஒரு கோடு கிழித்து, மேற்கு ஸ்பெயினுக்கு, கிழக்கு போர்ச்சுகலுக்கு என்று பிரித்துக்கொண்டன. அந்தக் கோட்டுக்குக் கிழக்கே விழுந்தது இன்றைய பிரேசிலின் கிழக்குப் பகுதி மட்டுமே. மீதியை, தங்கமும் அடிமைகளும் தேடிக் கோட்டைத் தாண்டி உள்ளே போன போர்த்துகீசியக் குடியேறிகள் சேர்த்தார்கள். 1750 மாட்ரிட் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது.

கேள்வி: நம் பாண்டிச்சேரியையும் பிரெஞ்சு என்று குறிக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: தாராளமாக ஒரு புள்ளி வையுங்கள். 1954இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962இல். இடையில் 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. ஆனால் ஊரின் பேச்சு தமிழ். அதனால் புள்ளிக்கு மேல் வேண்டாம்.

பாண்டிச்சேரியைக் கேட்டவர் மட்டக்களப்பை விட்டுவிட்டீர்களே! அங்கும் திருகோணமலையிலும் ஐரோப்பியர் வழிவந்த சில பறங்கியர் குடும்பங்கள் இன்னமும் போர்த்துகீசியக் கிரியோல் பேசுகின்றன. போர்த்துகீசியர் இலங்கையைவிட்டுத் துரத்தப்பட்டது 1658இல். மொழி மட்டும் தங்கிவிட்டது. அண்டை வீட்டுத் தமிழோடு பழகிப் பழகி, அதன் வாக்கியத்தில் வினைச்சொல் நம்முடையதுபோலவே கடைசியில் வந்து நிற்கிறது. மும்பைக்குத் தெற்கே கோர்லை என்ற கடற்கரை ஊரிலும் இப்படி ஒரு கிரியோல் இருக்கிறது. அல்கேரோவைக் குறிக்கும் பிள்ளைகள் இந்த மூன்று ஊர்களையும் விடாமல் குறிக்கட்டும், கிரியோலுக்கென்று வைத்த அதே வண்ணத்தில்.