மருத்துவத் திட்டத்தில் ஊருக்கு என்ன இடம்?

கேள்வி: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். இனி ஊரின் சமூகச் சொத்துகளை நடுவில் வைத்துத்தான் மருத்துவத் திட்டம் போட வேண்டும், உங்கள் ஊரில் இருப்பதை எழுதித் தாருங்கள் என்றார்கள். கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், ஊர் ஆம்புலன்ஸ் என்று எழுதிக் கொடுத்தோம். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "அப்போ நர்ஸ் வர மாட்டாங்களா?" அரசு தன் வேலையை நம் தலையில் கட்டுகிறதா?
- வாசகி, குளச்சல் பக்கம்

பதில்: அம்மா கேட்டதைக் கூட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நர்ஸ் வர வேண்டும், மாத்திரை வர வேண்டும், டாக்டர் இருக்க வேண்டும். இதில் ஒன்றைக் குறைத்துவிட்டு "ஊர் பார்த்துக்கொள்ளும்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இரண்டு கட்டடம், ஒரு வண்டி. ஆட்களை விட்டுவிட்டீர்களே! 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் வந்து போன பிறகான நாட்களை நினைத்துப் பாருங்கள். எந்த வள்ளம் கரைக்கு வரவில்லை, அதில் எத்தனை பேர் போனார்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதெல்லாம் கடற்கரை ஊர்களுக்குத்தான் தெரிந்திருந்தது, தேடிப் போகவும் நம் ஆட்களே படகை எடுத்தார்கள். நான் சொத்து என்று முதலில் எழுதுவது அந்த அறிவைத்தான். படுக்கையில் கிடக்கும் தாத்தா எந்த வீட்டில் இருக்கிறார், சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்திய அக்கா யார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிற பாட்டி யார் என்று அன்பியத்தில் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்கிற சிறு குழு) கூடுகிற பெண்களுக்குத் தெரிகிற அளவு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிற தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்து வந்தவர்கள். 2021-ல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோதே ஊர்ப் பெண்களை நம்பித்தான் தொடங்கினார்கள், அதனால்தான் கதவு திறக்கிறது. ஆனால் தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டதால் அந்தப் பெண்ணின் உழைப்பு இலவசம் ஆகிவிடாது. அவர் வெயிலில் நடக்கிற நேரத்துக்கு ஒழுங்கான ஊதியம் கிடைக்க வேண்டும், ஊர் அதை அவருக்காகக் கேட்க வேண்டும். எல்லை தாண்டினால் கேரளத்தில், தீராத நோயில் கிடப்பவரின் வலியைக் குறைக்கிற வலிதணிப்பு சிகிச்சை இப்படித்தான் வளர்ந்தது. அக்கம்பக்கத்தார் கூடிச் செய்ததை 2008-ல் மாநில அரசு கொள்கையாகவே எடுத்துக்கொண்டது, உள்ளாட்சிப் பணத்தில் நர்ஸ் வீடு தேடிப் போனார். ஊரும் இருந்தது, அரசின் பணமும் வந்தது. அம்மாவுக்கு என் பதிலும் அதுதான்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்ப முக்கியம். கோயில் மண்டபம் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே முகாம் வைத்தால் ஊரின் மறுகோடியில் இருக்கிற வேறு மதத்துக்காரர், வேறு சாதிக்காரர் கூச்சமில்லாமல் வந்து உட்காருவாரா? நம் குமரி மாவட்டத்தில் இதைக் கேட்காமல் இடம் பிடிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அங்கன்வாடியோ நூலகமோ போதும். அப்புறம், யாருக்குக் காசநோய், யாருக்கு மனநலச் சிக்கல் என்பது ஊருக்குத் தெரிந்திருப்பது உதவியும் ஆகும், காயமும் ஆகும். அதைப் பட்டியலில் எழுதாதீர்கள், நர்ஸிடம் நேரில் சொல்வதற்கும் அந்த வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

கேள்வி: நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியும் முன் மலைக்குப் போனால் பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்க மதியம் நெருங்கிவிடும். அதற்குள் ஓ.பி. முடிந்துவிடுகிறது. சமூகச் சொத்து பேசி எனக்கு என்ன லாபம்?
- வாசகர், குலசேகரம்

பதில்: அண்ணா, நீங்கள் இப்போது எழுதிய நேரக் கணக்கே பட்டியலில் முதல் வரியாகப் போக வேண்டும். எந்த மணிக்கு ஆள் ஓய்வாக இருப்பான், எந்த மாதம் வீட்டில் இருப்பான் என்பது தொழில் செய்கிறவருக்குத்தான் தெரியும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற தூத்தூர் பக்கத்து ஆண்கள் கரையில் இருக்கிற நாட்கள் அவை, பிரஷர், சர்க்கரை, பல், கண் எல்லாம் பார்க்க அதைவிட நல்ல காலம் உண்டா? உங்களுக்கு அது பிற்பகல் நேரம், அல்லது மழையில் வெட்டு நிற்கிற நாட்கள். பால்வெட்டுகிறவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, வாரத்தில் ஒரு நாள் மாலையில் கிளினிக் வேண்டும், டீக்கடைப் பக்கத்து ஷெட்டைத் துப்புரவாக்கித் தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். மருத்துவ அலுவலர் முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் பணம் எங்கே கேட்பது?
- வாசகி, கருங்கல்

பதில்: ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். நவம்பர் 1 நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, அன்றைக்காவது கூட்டம் நிறைய வரட்டும். கிராம சுகாதாரக் குழுவுக்கு வந்த நிதி என்ன ஆனது, மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில் ஊர்க்காரர் யார் இருக்கிறார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் இருப்பது பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினரைப் பிடித்து, வார்டு மக்கள் கூடுகிற ஏரியா சபை எப்போது என்று கேளுங்கள். தனியாகப் போகாமல், வீடு வீடாக மாத்திரை கொண்டு வருகிற அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.