நீலப் புலிகளைப் பற்றி: இந்தியப் பெண்கள் கால்பந்து, கேள்வியும் பதிலும்

2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை வருகிறது. அதனால்தானோ என்னவோ, கேள்விகளைக் குவித்துவிட்டீர்கள். ஒரு காலத்தில் மாவட்ட அணியில் ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவளாக, ஆடியவள், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவள். எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "ஆண்கள் அணியோடு ஆடினால் யார் ஜெயிப்பார்கள்" என்று கேட்ட நான்கு பேருக்கும் பதில் கிடையாது.

அக்கா, நான் முழுக்க கிரிக்கெட் ஆள். நம் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போகிறார்கள் என்பதே இப்போதுதான் தெரிந்தது. எப்படித் தகுதி பெற்றார்கள்?

2025 ஜூன், ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாயில் தகுதிச்சுற்று நடந்தது. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று நம் அணி வென்றது. தாய்லாந்தும் தன் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்தது. வேடிக்கை என்னவென்றால், கோல் வித்தியாசம்கூட இரண்டு அணிக்கும் ஒன்றுதான். ஆக, ஜூலை 5 அன்று நடந்த கடைசி ஆட்டம் இறுதிப்போட்டி மாதிரி ஆகிவிட்டது. தாய்லாந்து இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி, அதுவும் சொந்த மண்ணில் ஆடுகிறது.

முதல் பாதியில் சங்கீதா பாஸ்ஃபோர் பெனால்டி ஏரியாவுக்கு வெளியேயிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. இடைவேளை முடிந்து வந்த சூட்டோடு தாய்லாந்து சமன் செய்தது. இந்த இடத்தில்தான் நம் அணிகள் வழக்கமாக உடையும். பந்து கிடைத்தாலே பதறி முன்னால் தூக்கி அடிக்கத் தொடங்குவார்கள். அன்று அது நடக்கவில்லை. 74ஆவது நிமிடத்தில் ஒரு கார்னரைத் தொடர்ந்து மறுபடியும் சங்கீதா, இந்த முறை தலையால். 2-1. கோச் கிரிஸ்பின் செத்ரி. நான் அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில், தலைக்கு மேல் மின்விசிறி நின்றுபோன அறையில் உட்கார்ந்து பார்த்தேன். வியர்த்தது மின்விசிறியால் மட்டுமில்லை.

"முதல்முறை" என்கிறார்கள். ஆனால் 80களில் இந்தியா ஃபைனலே ஆடியது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரி. தகுதிச்சுற்று ஆடி வென்று உள்ளே போவதுதான் முதல்முறை. ஃபைனல் நாம் இரண்டு முறை ஆடியிருக்கிறோம். ஒன்று நம் பக்கத்துக் கோழிக்கோட்டில். பதிவுகளில் 1979 என்று இருக்கும், ஆட்டங்கள் நடந்தது 1980 ஜனவரியில். போட்டியை நடத்திய நாடு என்பதால் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அதில் ஒன்று ஃபைனல் வரை போய் தைவானிடம் 2-0 என்று தோற்றது. அடுத்து 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983இல் பாங்காக்கில் மறுபடியும் ஃபைனல், தாய்லாந்திடம் 3-0 தோல்வி. அதே 1983இல்தான் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்தில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

அப்பாவிடம் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது ஆடிய நாடுகள் குறைவு. சீனா முதன்முதலாக வந்ததே 1986இல். வந்த வேகத்தில் கோப்பையை எடுத்துக்கொண்டு, 1999 வரை வேறு யாருக்கும் தரவில்லை. அந்த 1986 போட்டியில் இந்தியா இல்லவே இல்லை. அன்று பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சங்கம் இருந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது தொண்ணூறுகளில்தான். எடுத்த பிறகும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. 2009இல், பதினெட்டு மாதத்துக்கு மேல் ஒரு ஆட்டம்கூட ஆடாததால், ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவை எடுத்துவிட்டார்கள். தோற்று இறங்கவில்லை, ஆடாமலே காணாமல் போனோம். நம் அணியின் எந்தக் குறையைத் தோண்டினாலும் கடைசியில் எனக்குத் தட்டுப்படுவது இதுதான்: ஆட்டங்கள் போதவில்லை.

2022இல் நம் நாட்டிலேயே ஆசியக் கோப்பை நடந்ததே, என்ன ஆயிற்று? பாதியில் காணாமல் போனார்களே?

கேட்கவே வயிறு எரிகிறது. நடத்தும் நாடு என்பதால் நேரடி இடம். ஜனவரி 20, நவி மும்பை, ஈரானோடு 0-0. வெல்ல வேண்டிய ஆட்டம் அது. மூன்று நாள் கழித்து சீன தைபேயோடு (தைவான் அணிக்கு இப்போது அந்தப் பெயர்) ஆட வேண்டும். அதற்குள் முகாமில் கொரோனா புகுந்து பன்னிரண்டு பேருக்குத் தொற்று. களமிறங்க குறைந்தது 13 வீராங்கனைகள் வேண்டும் என்பது விதி. அது தேறவில்லை. போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்காகி, அந்த ஈரான் ஆட்டமும் செல்லாமல் போனது. மாதக்கணக்கான பயிற்சி, தொண்ணூறு நிமிடத்தோடு சரி.

கடலூர்க்காரன் கேட்கிறேன். நம் பக்கத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

சொல்லாமலா. இந்துமதி கதிரேசன் உங்கள் ஊர்தானே! நடுக்களத்தில் அவர் பந்தை வாங்கும்போது கவனியுங்கள். பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிடுவார். என் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பழக்கத்தைக் கொண்டுவர நான் இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் அவர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் சாலையில் நின்று பணி பார்த்தார், இந்திய அணி நடுக்கள வீராங்கனை என்று தெரியாமலே எத்தனை பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்களோ!

சந்தியா ரங்கநாதன், கார்த்திகா அங்கமுத்து, மாரியம்மாள் பாலமுருகன் என்று வரிசை நீளும். கடலூரில் சுனாமிக்குப் பிறகு மீனவக் குப்பத்துப் பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்து வந்தவர்கள் செய்தது பெரிய வேலை.

அணிகளாகப் பார்த்தால், சீனியர் தேசியப் போட்டி என்றாலே மணிப்பூர் என்றிருந்த காலம். 2018இல் கட்டாக்கில் அதே மணிப்பூரை ஃபைனலில் 2-1 என்று சாய்த்து தமிழ்நாடு முதல்முறை கோப்பையைத் தூக்கியது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாவது முறை. நடுவில் 2019இல் மதுரையின் சேது எஃப்சி, லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன் ஆனது. நேபாளத்தின் முன்கள வீராங்கனை சபித்ரா பண்டாரி அந்த வருடம் சேதுவுக்குத்தான் ஆடினார். மதுரையில் இதைச் சொன்னால் இன்றைக்கும் "அப்படியா!" என்பவர்கள்தான் அதிகம்.

பாலா தேவியா, மனிஷா கல்யாணா? யார் பெரிய ஆள்?

சண்டை மூட்டிவிடுகிறீர்கள். பாலா தேவி 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் ஒப்பந்தம் போட்டார். ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண். அங்கே லீக்கில் கோலும் அடித்தார். இந்தியாவுக்காக ஐம்பது கோல் தாண்டியவர். மனிஷா 2022இல் சைப்ரஸின் அப்போலன் அணிக்காக, பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர். பிறகு கிரீஸ், அதற்கடுத்து பெருவின் அலியான்சா லிமா.

எனக்குப் பிடித்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2021 நவம்பர், மனாவுஸ். பிரேசிலோடு ஆட்டம், அவர்களின் மூத்த நடுக்கள வீராங்கனை ஃபோர்மிகாவுக்கு வழியனுப்பு விழா வேறு. முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல். சரி, பத்துப் பன்னிரண்டு வாங்கப் போகிறோம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்திருப்போம். எட்டாவது நிமிடத்தில் மனிஷா ஓடிப்போய் அடித்தார், 1-1. அரங்கம் ஒரு நொடி வாயடைத்தது. முடிவு 6-1தான். ஆனாலும் பிரேசிலின் வலையை அசைத்தது அசைத்ததுதான். கணக்குப்படி பாலா, கண்ணுக்கு மனிஷா. இதற்கு மேல் என்னிடம் வாங்க முடியாது.

இந்த இருவர் சண்டையில் ஆஷாலதா தேவியை மறந்துவிடாதீர்கள். 2024 அக்டோபரில் நூறாவது சர்வதேச ஆட்டம் ஆடினார், இந்தியப் பெண்களில் அவர்தான் முதல். டிஃபென்டர் என்பதால் போஸ்டரில் வருவதில்லை. ஸ்டாப்பர்களின் தலையெழுத்து அது, எனக்குத் தெரியும்.

மாலத்தீவை 14-0 என்று அடித்தார்களே, அதெல்லாம் ஒரு பெருமையா?

இல்லை. கோல்கீப்பருக்கு வெயில் காய மட்டும் பயன்படும் ஆட்டம். அதைவிட 2024 பிப்ரவரியில் துருக்கியில் எஸ்டோனியாவை 4-3 என்று வென்றார்களே, அதில் கற்றுக்கொண்டது பல மடங்கு.

தெற்காசியக் கோப்பையை நாம்தான் எப்போதும் வெல்வோம். இப்போது நேபாளத்திடமும் வங்கதேசத்திடமும் ஏன் தோற்கிறோம்?

2010, 2012, 2014, 2016, 2019 என்று முதல் ஐந்து கோப்பையும் நமக்கு. 2022இலும் 2024இலும் அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்றோம், இரண்டாவது முறை பெனால்டியில். இரண்டு தடவையும் கோப்பை வங்கதேசத்துக்கு. அவர்கள் சின்ன வயதிலேயே ஒரு கூட்டத்தைச் சேர்த்து, கலைக்காமல் வருடக்கணக்கில் ஒன்றாக வைத்திருந்தார்கள். நம்மிடம் 2024இல் ஆரம்பத்தில் சாவோபா தேவி கோச், பிறகு சந்தோஷ் காஷ்யப், வருடக் கடைசியில் ஜோகிம் அலெக்சாண்டர்சன், 2025இல் கிரிஸ்பின் செத்ரி. ஒவ்வொருவரும் வந்து "பின்வரிசை எப்படி நிற்க வேண்டும்" என்பதை முதலிலிருந்து சொல்லித் தருவார்கள். பாடம் பிடிபடும் நேரத்தில் வாத்தியார் மாறிவிடுவார். இது திறமைக் குறைவு அல்ல, நிர்வாகம் செய்த வேலை.

சம்பளம் எவ்வளவு கிடைக்கும்? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

லீக்கில் ஆடும் கிளப், குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருடத்துக்கு 3.2 லட்சமாவது தர வேண்டும் என்று கூட்டமைப்பு 2023இல் அறிவித்தது. மாதக் கணக்கில் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். அதுவும் பத்துப் பேருக்கு. அதனால்தான் காவல்துறை, ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைப் பிடிக்க எல்லோரும் ஓடுகிறார்கள். வேலை கிடைத்ததும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்ட நல்ல ஆட்டக்காரிகளை எனக்குத் தெரியும். குறை சொல்ல மனம் வரவில்லை.

என் அக்கா மகள் லண்டனில் ஆடுகிறாள். வெளிநாட்டு இந்தியர் அட்டை இருக்கிறது. இந்தியாவுக்கு ஆடலாமா?

முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும்.

பெண்கள் ஆட்டத்துக்கு கோல்போஸ்ட் சின்னதா?

அதே போஸ்ட், அதே ஐந்தாம் எண் பந்து, அதே தொண்ணூறு நிமிடம். ஆட்டவிதி எல்லாம் ஒன்றுதான்.

மகளுக்குப் பதினொரு வயது. பையன்களோடு தெருவில் நன்றாக ஆடுகிறாள். மாமியார் "முட்டி போயிடும்" என்கிறார். என்ன செய்யட்டும், மேடம்?

மாமியார் பாதி சரி. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாகவே நடக்கிறது. அதற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, குதித்து இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் வாரம் பந்தைத் தொட விடமாட்டேன். ஒரு செங்கல் உயரத் திண்டிலிருந்து குதிக்கச் சொல்வேன். பெரும்பாலும் இரண்டு முட்டியும் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்து மடங்கும். முட்டி பாதத்துக்கு நேராக வரும்வரை திரும்பத் திரும்பக் குதிக்க வைப்பேன். பிள்ளைகள் என்னைச் சபிப்பார்கள். பரவாயில்லை.

அப்புறம் பூட்ஸ். அண்ணனுடைய பழைய பூட்ஸில் துணி அடைத்துப் போட்டு அனுப்பாதீர்கள். நான் அப்படித்தான் மூன்று வருடம் ஆடினேன், கட்டைவிரல் நகம் இன்றுவரை நேராக வளரவில்லை.

பையன்களோடு ஆடுவது நல்லது, தொடரட்டும். கூடவே பெண்கள் அணி உள்ள பள்ளியோ கிளப்போ தேடுங்கள். பயிற்சி எத்தனை மணி நேரம் என்று விசாரிப்பதோடு, வருடத்துக்கு எத்தனை ஆட்டம் ஆட வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.

கடைசிக் கேள்வி: குழுவில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே. உண்மையைச் சொல்லுங்கள், தேறுமா?

2023 ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் ஜப்பான் நமக்கு ஏழு அடித்தது, வியட்நாம் 3-1. சீன தைபேயிடம் அதே வருடம் ஆசிய விளையாட்டில் முன்னிலையில் இருந்து 2-1 என்று கோட்டைவிட்டோம். ஜப்பானிடம் மானத்தைக் காப்பாற்றினால் போதும். மற்ற இரண்டில் ஒன்றை வென்றால், மூன்றாம் இடத்தில் நின்றாலும் காலிறுதி வாய்ப்பு உயிரோடு இருக்கும். அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளும், காலிறுதியில் தோற்பவர்களில் இன்னும் இரண்டும் 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கு நேராகப் போகும். ஆகவே கதவு அத்தனை தூரத்தில் இல்லை. கோழிக்கோட்டில் நம்மை வென்றதும், 2022இல் ஆட முடியாமல் போன ஆட்டத்தில் எதிரே நிற்க வேண்டியிருந்ததும் இந்தத் தைவான்காரிகள்தான். கணக்குத் தீர்க்க வேண்டியது அவர்களோடு.

முதல் ஆட்டம் மார்ச் 4, பெர்த், வியட்நாமோடு. பெர்த் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர். அன்றைக்கு யாரும் எனக்குக் கேள்வி அனுப்பாதீர்கள், பார்க்க மாட்டேன்.