பிராக்ஸிமா பி-யில் மாலை வருமா?

உங்கள் கதையின் 14 வயது நாயகி, நம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனைச் சுற்றும் பிராக்ஸிமா பி கோளின் குடியேற்றத்தில் தினமும் சூரியன் மறைவதைப் பார்க்கிறாள், அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோள் தன் விண்மீனை 11.2 நாளில் சுற்றிவிடுகிறது. அவ்வளவு நெருக்கம் என்பதால், நமக்கு நிலா போல, விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒரு பாதி எப்போதும் பகல், மறுபாதி எப்போதும் இரவு. குடியேற்றத்தை இரண்டுக்கும் நடுவிலுள்ள விளிம்பில் வையுங்கள். நாம் பார்க்கும் சூரியனைவிட மூன்று மடங்கு அகலமான சிவந்த வட்டம் அடிவானத்தில் அசையாமல் நிற்கும். நல்ல இருட்டைப் பார்க்கவே அவள் பயணம் போக வேண்டும். உங்கள் சாகசமே அங்கேதான் இருக்கிறது! அப்புறம், பூமியிலுள்ள பாட்டிக்கு அவள் அனுப்பும் செய்தி போய்ச்சேர 4 ஆண்டுக்கு மேல் ஆகும். பதில் வரும்போது அவளுக்கு வயது 22. அந்த அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.