கொம்பும் செம்பும்

கேள்வி: காளைச் சண்டையில் ஒரு விலங்கைக் குத்திக் கொல்வதை ஸ்பெயின் ஓவியர்கள் கோயாவும் பிக்காசோவும் அச்சோவியங்களாக, அதாவது செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்செடுக்கும் படங்களாக, செய்து குவித்திருக்கிறார்கள். கொடுமையைக் கொண்டாடும் இவற்றைக் கலை என்று உங்கள் இதழ் தூக்கிப் பிடிக்கலாமா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கொடுமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருவரையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டுவிட்டீர்களே, அதை ஏற்க மாட்டேன்.

1816இல், எழுபது வயதில், கோயா வெளியிட்ட காளைச் சண்டை வரிசையில் 33 படங்கள். 21ஆவது படத்தைப் பாருங்கள். மட்ரிட் அரங்கில் காளை தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் பகுதிக்குள் புகுந்துவிட்டது. டொரெஹோன் ஊர்த்தலைவர் அதன் கொம்பில் துவண்டு தொங்குகிறார். கூட்டம் வலது ஓரத்தில் ஒருவர்மேல் ஒருவராகச் சரிகிறது. இடப் பாதி ஏறக்குறைய வெறும் வெளி. காளையோ அசையாமல் நிற்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கதி இது. இதில் கொண்டாட்டம் எங்கே? கடைசிப் படம் பெப்பே இய்யோவின் சாவு. காளைச் சண்டைக்கு 1796இல் இலக்கண நூல் தந்த வீரர் அவர். 1801இல் மட்ரிட்டில் ஒரு காளையே அவரைக் கொன்றது. நெப்போலியன் போரின் பிணங்களை அந்த ஆண்டுகளில் செப்புத் தகட்டில் கீறிக்கொண்டிருந்த அதே கைதான் இவற்றையும் கீறியது.

பிக்காசோ வேறு. அவர் காளைச் சண்டைப் பித்தர், மறைக்க மாட்டேன். அதே இய்யோவின் நூலுக்கு 1957இல் 26 படங்கள் செய்தார். 1959இல் பார்சலோனாவில் வெளியாயின. அவற்றின் செய்முறை இது: சர்க்கரை கலந்த மையால் தகட்டில் தீட்டி, மேலே வார்னிஷ் பூசி, வெந்நீரில் நனைப்பார்கள். சர்க்கரை கரையும்போது தன்மேல் இருக்கும் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு போகும். திறந்த இடத்தை அமிலம் அரிக்கும். தூரிகை பட்டது பட்டபடியே தாளில் விழும். ஒரு பொட்டு வைத்தால் ஒரு பார்வையாளர். நாலு இழுப்பில் ஒரு குதிரை. கண்ணை எடுக்க முடியாத அழகு. அந்த அழகில் காளையின் வலி காணாமல் போகிறது என்பதும் உண்மை. உங்கள் குற்றச்சாட்டு நிற்குமானால் இந்த வரிசையின்மேல்தான் நிற்கும்.

ஆனால் 1935இல் அவரே செய்த பெரிய தகட்டில் குதிரையின் வயிறு கிழிந்திருக்கிறது; அதன் முதுகில் வீராங்கனை ஒருத்தி சாய்ந்து கிடக்கிறாள்; எதிரே மெழுகுவத்தி ஏந்தி ஒரு சிறுமி அஞ்சாமல் நிற்கிறாள். அதையும் கொண்டாட்டம் என்பீர்களா?

கோயாவின் 21ஆவது படத்தை அடுத்த இதழில் முழுப் பக்கத்தில் அச்சிடுகிறோம். அந்த இடப் பக்கத்து வெறுமையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.